வியன்னா வாத்தியார், சீன மாணவர், நடுவில் ஒரு சாட்டிலைட்... ஒளித்துகளில் செய்த சாவியின் கதை!

2017 செப்டம்பர் 29. சீனத் தலைநகர் பெய்ஜிங்குக்கும் ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவுக்கும் இடையே ஒரு வீடியோ கால். இந்தப் பக்கம் சீன அறிவியல் அகாடமியின் தலைவர் பாய் சுன்லி. அந்தப் பக்கம் ஆஸ்திரிய அறிவியல் அகாடமியின் தலைவர் ஆன்டன் சைலிங்கர். 75 நிமிடங்கள் பேச்சு ஓடியது.

'இதில் என்ன அதிசயம்? துபாயில் இருக்கும் பையனோடு நாங்கள் தினமும் வாட்ஸ்அப்பில் பேசுகிறோமே!' என்றுதானே நினைக்கிறீர்கள்? நியாயமான கேள்விதான். வித்தியாசம், அந்தப் பேச்சைப் பூட்டி வைத்திருந்த சாவியில் இருக்கிறது. பூமியிலிருந்து 500 கி.மீ உயரத்தில் பறந்த ஒரு சாட்டிலைட், ஒளியை மிக மிக மங்கலாக்கி, துகள் துகளாகக் கீழே அனுப்பி உருவாக்கிய சாவி அது. கண்டம் விட்டுக் கண்டம் இப்படி ஒரு சாவியைப் பகிர்ந்து வீடியோவில் பேசியது அதுவே முதல் முறை.

அந்த 75 நிமிடங்களுக்குப் பின்னால் 20 வருடக் கதை இருக்கிறது. அதில் ஒரு வாத்தியார், ஒரு மாணவர், பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள், ஒரு பாதாளச் சாக்கடை, இரண்டு எரிமலைத் தீவுகள் எல்லாம் வருகின்றன. அதற்கு முன்னால், நம் கையில் இருக்கும் போனிலிருந்து தொடங்குவோம்.

நம் போனுக்குள் இருக்கும் பூட்டு

மளிகைக் கடையில் க்யூ.ஆர் கோடை ஸ்கேன் செய்து 140 ரூபாய் அனுப்புகிறீர்கள். அந்த ஒரு நொடியில் உங்கள் போனும் வங்கியின் கம்ப்யூட்டரும் தங்களுக்குள் ஒரு ரகசியச் சாவியைப் பேசி முடித்துக்கொள்கின்றன. நடுவில் யார் ஒட்டுக்கேட்டாலும் சாவி கிடைக்காது. காரணம், அதைப் பாதுகாப்பது ஒரு கஷ்டமான கணக்கு.

61-ஐயும் 53-ஐயும் பெருக்கச் சொன்னால் எட்டாம் வகுப்புப் பிள்ளைகூட 3,233 என்று சொல்லிவிடும். '3,233 எந்த இரண்டு எண்களின் பெருக்கல்?' என்று திருப்பிக் கேட்டால் அப்பாவும் கொஞ்சம் திணறுவார். இணையத்தில் பரவலாக இருக்கும் பூட்டுகளில் ஒரு வகை, 600 இலக்கங்களுக்கும் மேல் நீளும் எண்களை வைத்து இதே கேள்வியைக் கேட்கிறது. இன்றைய சூப்பர் கம்ப்யூட்டர்களாலும் அதற்கு விடை சொல்ல முடியாது.

1994-ல் அமெரிக்கக் கணிதவியலாளர் பீட்டர் ஷோர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். குவாண்டம் கம்ப்யூட்டர் என்று ஒன்று பெரிய அளவில் உருவானால், இந்தக் கணக்கை அது சுலபமாகப் போட்டுவிடும் என்று நிரூபித்தார். அவ்வளவு பெரிய இயந்திரம் இன்னும் உருவாகவில்லை. ஆனால், இன்று பூட்டிய நிலையில் போகும் தகவலை யாராவது அப்படியே சேமித்துவைத்து, சாவி கிடைக்கும் நாளில் திறந்து பார்க்கலாம். ஓ.டி.பி சில நிமிடங்களில் செத்துவிடும். அது போனால் போகட்டும். கைரேகை, மருத்துவ அறிக்கை, நாட்டின் ராணுவக் கோப்பு எல்லாம் அப்படியா? இன்று பிறந்த குழந்தையின் மரபணு அறிக்கை, அந்தக் குழந்தை பாட்டியாகும்போதும் ரகசியமாகவே இருக்க வேண்டும்.

அதனால்தான், கணக்கை நம்பாமல் இயற்கையின் விதியை நம்பி ஒரு பூட்டு செய்ய முடியுமா என்று விஞ்ஞானிகள் யோசித்தார்கள்.

தொட்டால் காட்டிக்கொடுக்கும் அப்பளம்

ஒளி என்பது கணக்கில்லாத சிறு துகள்களின் ஓட்டம். ஒரு துகளுக்குப் பெயர் ஃபோட்டான். ஒவ்வொரு ஃபோட்டானுக்கும் ஒரு 'சாய்வு' உண்டு. போலராய்டு கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு செல்போன் திரையைப் பார்த்தபடி தலையைச் சாய்த்துப் பாருங்கள். பல போன்களில் ஒரு கோணத்தில் திரை இருண்டுவிடும். அந்தச் சாய்வு செய்யும் வேலைதான் அது.

இந்தச் சாய்வை வைத்து 0, 1 என்று எழுதலாம். அப்படி எழுதி, ஒவ்வொரு ஃபோட்டானாக அனுப்பினால் ஒரு ரகசியச் சாவியை இரண்டு பேர் பகிர்ந்துகொள்ளலாம் என்று 1984-ல் சொன்னவர்கள் இருவர். ஒருவர் ஐ.பி.எம் நிறுவனத்தின் சார்லஸ் பென்னட். இன்னொருவர் கனடாவின் மான்ட்ரியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜில் பிரசார்ட்.

ஒற்றை ஃபோட்டானின் நிலையை அப்படியே ஜெராக்ஸ் எடுக்க முடியாது. இது இயற்கையின் விதி. கோணம் தெரியாமல் அளந்து பார்த்தால் அதன் நிலையும் மாறிவிடும். பக்கத்து வீட்டுக் கடிதத்தை ஆவியில் காட்டிப் பிரித்துப் படித்துவிட்டு, மறுபடி ஒட்டிவிடலாம். இது பொரித்த அப்பளம். தொட்டால் நொறுங்கும்; தொட்டது தெரிந்துவிடும்.

அனுப்பியவரும் வாங்கியவரும் கடைசியில் கொஞ்சம் துகள்களை மட்டும் சரிபார்ப்பார்கள். பிழை அளவுக்கு மீறி இருந்தால், நடுவில் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்தச் சாவியைத் தூக்கி எறிந்துவிட்டு வேறு சாவி செய்துகொள்வார்கள். ஃபோட்டானில் போவது சாவி மட்டும்தான். பேச்சும் படமும் அந்தச் சாவியால் பூட்டப்பட்டு வழக்கமான இணையத்திலேயே போகும்.

கூடு விட்டுக் கூடு பாய்ந்த ஒளி

1990-களில் ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக் பல்கலைக்கழகத்தில் ஆன்டன் சைலிங்கர் ஓர் ஆய்வுக்குழுவை நடத்திக்கொண்டிருந்தார். அங்கே சீனாவிலிருந்து ஒரு மாணவர் வந்து சேர்ந்தார். பெயர் பான் ஜியான்வெய். 'உன் கனவு என்ன?' என்று வாத்தியார் கேட்டபோது, இதே போன்ற ஓர் ஆய்வகத்தைச் சீனாவில் கட்ட வேண்டும் என்று மாணவர் சொன்னதாக ஒரு சம்பவம் இந்தத் துறையில் அடிக்கடி சொல்லப்படுகிறது.

அந்தக் குழு 1997-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 'டெலிபோர்ட்டேஷன்' என்று உலகமே பேசியது. நம் ஊரில் இதற்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது: கூடு விட்டுக் கூடு பாய்தல்! ஒரு ஃபோட்டானின் நிலையை, அந்த ஃபோட்டானையே அனுப்பாமல், தூரத்தில் இருக்கும் வேறொரு ஃபோட்டானுக்கு மாற்றிக் காட்டினார்கள். உடல் நகரவில்லை, நிலை மட்டும் பாய்ந்தது.

இதற்கு உதவியது 'பின்னல்' என்ற விசித்திரம். இரண்டு தாயக்கட்டைகளை எடுத்து ஒன்றை மதுரையிலும் இன்னொன்றைச் சென்னையிலும் உருட்டுகிறீர்கள். என்ன விழும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால், மதுரையில் என்ன விழுகிறதோ அதுவே சென்னையிலும் விழுகிறது, ஒவ்வொரு முறையும்! பின்னிய ஃபோட்டான் ஜோடிகள் கிட்டத்தட்ட இப்படித்தான் நடந்துகொள்கின்றன. ஐன்ஸ்டீனுக்கு இது பிடிக்கவே இல்லை. பேய்த்தனமான சமாசாரம் என்று கிண்டல் செய்தார். ஆனால் பரிசோதனைகள் ஐன்ஸ்டீனுக்கு எதிராகவே தீர்ப்பு சொன்னன. அந்தப் பரிசோதனைகளுக்காகத்தான் 2022-ம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு பிரான்ஸின் அலைன் அஸ்பே, அமெரிக்காவின் ஜான் கிளாசர், ஆஸ்திரியாவின் சைலிங்கர் ஆகிய மூவருக்கும் பகிர்ந்து தரப்பட்டது.

சாக்கடையில் ஒரு சாவி, தீவில் ஒரு டெலஸ்கோப்

ஆய்வக மேசையில் நடந்ததை ஊருக்குள் கொண்டுவர வேண்டுமே! சைலிங்கர் வியன்னா பல்கலைக்கழகத்துக்கு மாறியபின், அவர் குழு நகரின் பாதாளச் சாக்கடைக்குள் போடப்பட்டிருந்த ஒளியிழைக் கேபிளைப் பயன்படுத்தியது. 2004 ஏப்ரலில் வியன்னா சிட்டி ஹாலுக்கும் ஒரு வங்கிக்கும் இடையே, 1.45 கி.மீ கேபிளில் ஃபோட்டான் சாவி போனது. அந்தச் சாவியின் பாதுகாப்பில் ஒரு பணப் பரிமாற்றமும் நடந்தது. நம் ஜிபே யுகத்துக்கெல்லாம் முன்னால் நடந்த சங்கதி.

அடுத்த சிக்கல் தூரம். கேபிளுக்குள் சுமார் 15 கி.மீ போவதற்குள் பாதி ஃபோட்டான்கள் காணாமல் போய்விடும். 100 கி.மீ தாண்டினால் நூற்றில் ஒன்றுதான் மிஞ்சும். சாதாரண இணைய சிக்னல் என்றால் வழியில் கருவி வைத்து வலுவாக்கலாம். இங்கே அது நடக்காது. ஜெராக்ஸ் எடுக்க முடியாது என்ற விதி திருடனை மட்டும் தடுக்கவில்லை, நம்மையும் தடுக்கிறது.

சரி, காற்று வழியாக அனுப்பினால்? ஸ்பெயினுக்குச் சொந்தமான கேனரி தீவுகளில், லா பால்மாவின் மலை உச்சியிலிருந்து 144 கி.மீ தள்ளியிருக்கும் டெனெரிஃப் தீவுக்கு ஃபோட்டான்களை அனுப்பினார்கள். அங்கே ஐரோப்பிய விண்வெளி முகமையின் ஒரு மீட்டர் அகல டெலஸ்கோப் அவற்றைப் பிடித்தது. 2007-ல் வெளியான அந்த ஆய்வில் வியன்னா, ஜெர்மனியின் மியூனிக், இங்கிலாந்தின் பிரிஸ்டல், இத்தாலியின் படோவா என நான்கு நாட்டுப் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் பெயர்கள் இருக்கின்றன.

இந்தத் துறையின் இயல்பே இதுதான். ஆய்வகத்தைத் தாண்டி வெளியே வந்துவிட்டால் ஒற்றை ஆளாக எதையும் செய்ய முடியாது. ஒளியை அனுப்ப ஒருவர் வேண்டும், மறுமுனையில் பிடிக்க இன்னொருவர் வேண்டும். ஒருவர் லேசரில் கெட்டிக்காரர், இன்னொருவர் டெலஸ்கோப்பில் கெட்டிக்காரர். நொடியின் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவான துல்லியத்தில் இரண்டு ஊர்க் கடிகாரங்களும் ஒத்துப்போக வேண்டும்.

வாத்தியாரோடு போட்டி, பிறகு கூட்டணி

இதற்குள் மாணவர் பான் சீனாவுக்குத் திரும்பி, ஹெஃபெய் நகரில் உள்ள சீன அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் தன் கனவு ஆய்வகத்தைக் கட்டிவிட்டார். 2012-ல் அவர் குழு சிங்காய் ஏரிக்குக் குறுக்கே 97 கி.மீ தூரத்துக்கு 'கூடு விட்டுக் கூடு' பாய்ச்சியது. சில வாரங்களிலேயே சைலிங்கர் குழு கேனரி தீவுகளில் 143 கி.மீ தூரத்துக்குப் பாய்ச்சியதாக அறிவித்தது. குருவும் சிஷ்யனும் போட்டி போட்டு ஓடினார்கள்.

ஆனால், தரையில் ஓடி ஒரு கட்டத்துக்கு மேல் போக முடியாது. பூமி உருண்டை, மலை மறைக்கும். விண்வெளிக்குப் போயாக வேண்டும். மேலே போய்விட்டால் ஒரு வசதியும் உண்டு. அடர்த்தியான காற்று பூமியை ஒட்டிய சுமார் 10 கி.மீ வரைதான். அதைத் தாண்டினால் ஃபோட்டானை விழுங்க எதுவுமே இல்லை.

சைலிங்கர் இந்த யோசனையோடு ஐரோப்பிய விண்வெளி முகமையின் கதவைப் பல வருடங்கள் தட்டினார். கோப்பு மெதுவாகவே நகர்ந்தது. சீனாவோ 2011-ல் பானின் சாட்டிலைட் திட்டத்துக்குப் பச்சைக்கொடி காட்டியது. வாத்தியார் கௌரவம் பார்க்கவில்லை. மாணவரின் திட்டத்தில் கூட்டாளியாகச் சேர்ந்துகொண்டார்.

2016 ஆகஸ்ட் 16 அன்று 600 கிலோவுக்கும் அதிக எடையுள்ள அந்தச் சாட்டிலைட் விண்ணில் ஏறியது. பெயர் 'மோசி'. 2,400 ஆண்டுகளுக்கு முன்பே ஒளி நேர்கோட்டில் போகிறது என்று கவனித்த சீனத் தத்துவ ஞானியின் பெயர் அது.

2017 ஜூனில் முதல் பெரிய முடிவு வந்தது. 1,203 கி.மீ இடைவெளியில் இருந்த இரண்டு நிலையங்களுக்குப் பின்னிய ஃபோட்டான் ஜோடிகளை மோசி அனுப்பிக் காட்டியது. அது எவ்வளவு கஷ்டமான வேலை தெரியுமா? சாட்டிலைட் ஒரு நொடிக்கு 59 லட்சம் ஜோடிகளை உருவாக்கியது. இரண்டு நிலையங்களிலும் ஜோடியாகப் பிடிபட்டது நொடிக்குச் சுமார் ஒன்றுதான்!

அதே ஆண்டு செப்டம்பரில்தான் பெய்ஜிங் – வியன்னா வீடியோ கால். சீனாவில் சிங்லாங் நிலையம், ஆஸ்திரியாவில் கிராட்ஸ் நகர வானாய்வகம். இடையே 7,600 கி.மீ. பேச்சோடு நிற்கவில்லை. தத்துவ ஞானி மோசியின் படம் சீனாவிலிருந்து போனது. ஆஸ்திரியாவில் பிறந்த இயற்பியல் மேதை ஷ்ரோடிங்கரின் படம் அங்கிருந்து வந்தது. ஒவ்வொன்றும் சுமார் 5 கிலோபைட். காலையில் ஃபேமிலி குரூப்பில் வரும் குட்மார்னிங் படத்தைவிடப் பல மடங்கு சிறியது.

சாட்டிலைட்டையே நம்பலாமா?

இங்கே ஒரு ஓட்டை இருக்கிறது. அந்த வீடியோ காலில் மோசி செய்தது ஒரு தரகர் வேலை. கிராட்ஸோடு ஒரு சாவி, சிங்லாங்கோடு ஒரு சாவி என்று இரண்டையும் தானே வைத்திருந்தது. அதாவது, ரகசியம் சாட்டிலைட்டுக்கும் தெரியும். அதை இயக்குபவர் நல்லவராக இருந்தால்தான் பாதுகாப்பு.

இதற்கான தீர்வையும் ஒரு கூட்டுக் குழுதான் கொடுத்தது. பின்னிய ஜோடிகளை வைத்தே சாவி செய்யலாம் என்று 1991-லேயே சொன்னவர் ஆர்தர் எகெர்ட். ஆக்ஸ்ஃபோர்டிலும் சிங்கப்பூரிலும் பணிபுரிந்த அவர், பானின் குழுவோடு கைகோத்தார். 2020-ல் வெளியான அந்த ஆய்வில், 1,120 கி.மீ இடைவெளியில் இருந்த இரண்டு நிலையங்கள், சாட்டிலைட்டுக்கே தெரியாத சாவியைப் பகிர்ந்துகொண்டன. வேகம்தான் நொண்டியடிக்கிறது: நொடிக்கு 0.12 பிட். 256 பிட் சாவி ஒன்று செய்ய 35 நிமிடங்களுக்கு மேல் ஆகும். சாட்டிலைட்டோ ஒரு தடவை தலைக்கு மேல் வந்தால் சில நிமிடங்களில் ஓடிவிடும்.

இயற்கையின் விதியை உடைக்க முடியாது. ஆனால், மனிதன் செய்த கருவியை ஏமாற்ற முடியும். 2010-ல் நார்வே, ஜெர்மனி ஆய்வாளர்கள் சேர்ந்து, சந்தையில் விற்பனையான குவாண்டம் சாவிக் கருவிகளைப் பிரகாசமான ஒளியைப் பாய்ச்சிக் குருடாக்கிக் காட்டினார்கள். திருட்டுத்தனமாக அல்ல, ஆய்விதழில் வெளிப்படையாக! மற்றவர்கள் கருவிகளைச் சரிசெய்ய அதுவே வழிகாட்டியது.

இதனால், 'ஒளித்துகளே வேண்டாம், இன்னும் கடினமான கணக்கு போதும்' என்று சொல்பவர்களும் உண்டு. அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை அந்தப் பக்கம்தான். குவாண்டம் கம்ப்யூட்டராலும் உடைக்கக் கடினமான புதிய கணக்குப் பூட்டுகளுக்கான முதல் மூன்று தரநிலைகளை அமெரிக்கா 2024 ஆகஸ்டில் வெளியிட்டுவிட்டது. நம் போனுக்கு முதலில் வந்து சேர்வது பெரும்பாலும் இந்த வகைதான். ஒளிச் சாவி, பல பத்தாண்டுகள் ரகசியம் காக்க வேண்டிய இடங்களுக்கான போட்டியாளர்.

மூடும் கதவுகள்

2022-ல் விண்ணுக்குப் போன 'ஜினான்-1' என்ற சீனச் சாட்டிலைட்டில் குவாண்டம் கருவியின் எடை வெறும் 23 கிலோ. அதை வைத்து பெய்ஜிங்குக்கும் தென்னாப்பிரிக்காவின் ஸ்டெல்லன்பாஷ் பல்கலைக்கழகத்துக்கும் இடையே, 12,900 கி.மீ தூரத்துக்குச் சாவி பகிரப்பட்டது. 2025 மார்ச்சில் அந்த ஆய்வு வெளியானது. ஒரே கடப்பில் பத்து லட்சம் பிட்டுகளுக்கு மேல் சாவி கிடைத்திருக்கிறது. பூமியின் தென்பாதியில் இப்படி ஓர் இணைப்பு கிடைத்தது இதுவே முதல் முறை.

ஆனால் எல்லாக் கதவுகளும் இப்படித் திறந்தில்லை. ரகசியம் காக்கும் தொழில்நுட்பம் என்றால் ராணுவங்களுக்குக் கண் வரத்தானே செய்யும்? 2021 நவம்பரில் சீனக் குவாண்டம் நிறுவனங்கள் சிலவற்றை அமெரிக்க வணிகத் துறை கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. 2024 மே மாதம் பான் பணிபுரியும் பல்கலைக்கழகமே அந்தப் பட்டியலில் ஏறியது. உரிமம் வாங்காமல் அமெரிக்கத் தொழில்நுட்பப் பொருள்களை அதற்குக் கொடுக்க முடியாது. தன் தொழில்நுட்பம் எதிரணி ராணுவத்துக்கு உதவிவிடக் கூடாது என்ற அமெரிக்காவின் கவலை புரிந்துகொள்ளக்கூடியதுதான். ஆனால், இன்று ஒரு பான் ஜியான்வெய் வெளிநாட்டு ஆய்வகத்தின் கதவைத் தட்டினால், அன்று திறந்ததுபோல் திறக்குமா என்ற கேள்வியைத் தவிர்க்க முடியவில்லை.

நம் பக்கம் என்ன நடக்கிறது?

2021-ல் இஸ்ரோ, அகமதாபாத்தில் 300 மீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு கட்டடங்களுக்கு நடுவே காற்று வழியாக ஃபோட்டான் சாவியைப் பகிர்ந்து, அதை வைத்து வீடியோவில் பேசிக் காட்டியது. 2022 பிப்ரவரியில் டெல்லி ஐ.ஐ.டி-யும் டி.ஆர்.டி.ஓ-வும் சேர்ந்து, உத்தரப்பிரதேசத்தில் பிரயாக்ராஜுக்கும் விந்தியாசலுக்கும் இடையே 100 கி.மீ-க்கு மேல் ஏற்கெனவே போடப்பட்டிருந்த கேபிளில் இதைச் செய்துகாட்டின.

2023 ஏப்ரல் 19 அன்று மத்திய அமைச்சரவை, தேசிய குவாண்டம் திட்டத்துக்கு 6,003.65 கோடி ரூபாய் ஒதுக்க ஒப்புதல் கொடுத்தது. 2,000 கி.மீ தூரத்துக்குச் சாட்டிலைட் வழியாக ஒளிச் சாவி என்பது அதன் இலக்குகளில் ஒன்று. திட்டத்தின் நான்கு மையங்களும் கல்வி நிறுவனங்களில்தான் இருக்கின்றன. கம்ப்யூட்டர் பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி-க்கு, உணர்கருவிகள் மும்பை ஐ.ஐ.டி-க்கு, மூலப்பொருள்கள் டெல்லி ஐ.ஐ.டி-க்கு. இந்தக் கட்டுரையில் இவ்வளவு நேரம் பேசிய 'குவாண்டம் தகவல் தொடர்பு' யாருக்குத் தெரியுமா? சி-டாட் நிறுவனத்தோடு சேர்ந்து, நம் சென்னை ஐ.ஐ.டி-க்கு!

வீட்டில் ப்ளஸ் டூ படிக்கும் பிள்ளை இருந்தால் ஒரு விஷயம் சொல்லிவைக்கலாம். இந்தத் துறைக்கு இயற்பியல் மேதைகள் மட்டும் போதாது. லென்ஸ் பொருத்தத் தெரிந்தவர், சர்க்யூட் வடிவமைப்பவர், சாஃப்ட்வேர் எழுதுபவர், டெலஸ்கோப்பை நொடிக்கு 7 கி.மீ-க்கும் மேல் பறக்கும் சாட்டிலைட்டின் பின்னாலேயே திருப்பத் தெரிந்தவர் என எல்லோருக்கும் இடம் உண்டு. கேனரி தீவு ஆய்வில் பெயர் இருந்தவர்கள் 18 பேர்.

ரகசியம் காக்கும் இந்தச் சாவியைச் செய்தவர்கள், தங்களுக்குத் தெரிந்ததை ஒளித்து வைக்கவில்லை. வாத்தியார் மாணவருக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தார். மாணவர் வாத்தியாரை மிஞ்சியபோது, வாத்தியார் அவரோடு சேர்ந்துகொண்டார். ஓட்டை கண்டுபிடித்தவர்கள் ஊரறியச் சொன்னார்கள். அடுத்த 20 வருடங்களில் நாடுகள் எத்தனை கோடி ஒதுக்குகின்றன என்பது முக்கியம்தான். எத்தனை ஆய்வகங்கள் ஒன்றுக்கொன்று கதவைத் திறந்து வைக்கின்றன என்பது அதைவிட முக்கியம்.